ஆடிக்காற்றில் ஒரு பட்டம்... தலையில் ஒரு கவசம்!

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. என் தொப்பி பறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2025 ஆடி மாதம். பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில், எல்லோரையும் போல நாங்களும் காரை ஓரங்கட்டி ரயில் பாலத்தைப் படம் எடுக்க இறங்கினோம். கைப்பிடிச் சுவரை எட்டுவதற்குள் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, அந்தரத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, கீழே போய்க்கொண்டிருந்த நாட்டுப்படகு ஒன்றின் அருகே கடலில் விழுந்தது.

"தலையில மாட்டுற எதுக்கும் கீழ ஒரு வார் இருக்கணும்ப்பா" என்று சிரித்தாள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். காரின் பின்சீட்டில் அம்மா ஜன்னலைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்தாறு.

மூன்று பேருக்கும் ராமேஸ்வரத்தில் வெவ்வேறு வேலை. அம்மாவுக்கு ஆடி அமாவாசை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அக்னி தீர்த்தத்தில் நான் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். மகளுக்கு, அமாவாசைக்கு முந்தைய மூன்று நாள்களில் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு இருவரையும் அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வர வேண்டும். மூன்றாவது வேலைதான் கடினம் என்று அப்போது தெரியவில்லை.

ஆண் கடல், பெண் கடல்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளியை நெருங்கும்போதே பனைமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நிற்கும். இந்த ஊரில் எல்லாவற்றையும் முடிவுசெய்வது காற்றுதான்.

1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருந்தது. வேகம் ஓர் அளவைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் பாலத்தில் ஏறாமல் காத்திருக்கும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும், அதை நோக்கிப் போன பாசஞ்சர் ரயிலும் கடலோடு போன பிறகு, இங்கே காற்றோடு யாரும் விளையாடுவதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகுகள் கரையில் நிற்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம், கப்பல் வரும்போது நடுப்பகுதியை அப்படியே லிஃப்ட் போல மேலே தூக்கி வழிவிடுகிறது. அதற்கும் காற்றின் கணக்கு உண்டு.

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாக இருப்பதைப் 'பெண் கடல்' என்றும், அலையடிக்கும் தெற்குக் கடலை 'ஆண் கடல்' என்றும் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும்போது குணம் மாறிப்போகும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து என வருடத்துக்கு இரண்டு காற்றுக்காலம். கைட் சர்ஃபிங் செய்பவர்கள் இந்தியாவில் எங்கெங்கோ இருந்து இந்தத் தீவைத் தேடி வருவது அதற்காகத்தான்.

தெற்குக் கரையில், மணல்திட்டுகள் அலையை உடைத்துவிடும் ஓர் ஒதுக்குப்புறத்தில் பயிற்சி. வடக்குக் கரையில் கடல் கண்ணாடி போலக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த நான், "அங்கேயே கத்துக்கொடுக்கலாமே தம்பி?" என்று கேட்டேன்.

பயிற்சியாளர் பாம்பனைச் சேர்ந்த மீனவக் குடும்பத்துப் பையன். இருபத்தாறு வயது இருக்கும். "அங்க இப்ப காத்து கரையிலேருந்து கடலுக்குள்ள தள்ளும் சார். கயிறு அறுந்தா, பட்டம் விழுந்தா, நீந்தித் திரும்ப முடியாது. அடுத்த ஸ்டாப் கச்சத்தீவுதான்" என்றார்.

பக்கவாட்டிலிருந்து சற்றே கரையை நோக்கி வீசும் காற்றுதான் கற்றுக்கொள்பவருக்கு நல்லது. தவறு நடந்தாலும் அது கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

பத்துக்குப் பத்து அறை அளவு பட்டம்

கைட் சர்ஃபிங் என்றால் பட்டம் விடுவதும் அலைச்சறுக்கும் சேர்ந்தது. இடுப்பில் அகலமான வார்ப்பட்டை. அதில் கொக்கி போட்டு மாட்டிய ஒரு கைப்பிடித் தண்டு. அதிலிருந்து இருபது, இருபத்துநான்கு மீட்டர் நீளத்தில் நான்கைந்து கயிறுகள். கயிற்றின் முனையில் பட்டம். பாதத்தில் ஒரு பலகை.

பட்டம் என்றவுடன் மாட்டுப்பொங்கலுக்கு மொட்டை மாடியில் விட்டது நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஒன்பது சதுர மீட்டர் பட்டம் ஒன்றை மணலில் விரித்துக் காட்டினார்கள். பத்துக்குப் பத்து அடி அறையின் தரையளவு இருந்தது. அதன் முன்விளிம்பு சைக்கிள் டியூப் போலக் காற்றடைக்கப்பட்டது. கடலில் விழுந்தாலும் மிதக்கும். மறுபடி எழும்பும். பிரான்ஸைச் சேர்ந்த லெகென்யூ சகோதரர்கள் இந்த யோசனைக்கு 1984-ல் காப்புரிமை பெற்றார்கள். நாற்பதே ஆண்டுகளில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகிவிட்டது. மார்செய் கடலில் நடந்த அந்தப் போட்டியில் ஆண்கள் பிரிவில் ஆஸ்திரியாவின் வாலன்டின் பொன்டுஸும், பெண்கள் பிரிவில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். அத்தனை பேர் தலையிலும் ஹெல்மெட்.

முதல் நாள் முழுக்கத் தரையில்தான் பாடம். வானத்தைக் கடிகார முள்ளாக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். தலைக்கு நேர் மேலே 12 மணி. இடது ஓரம் 9, வலது ஓரம் 3. ஓரங்களில் பட்டம் சாதுவாக இருக்கும். நடுவே, காற்று வீசும் திசையில் இறக்கினால் யானை பலம்.

"காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா இழுக்குற பலம் நாலு மடங்காகும்" என்றார் பயிற்சியாளர். 15 நாட் காற்று என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர். அது 20 நாட் ஆவதைக் கன்னத்தில் சரியாக உணரக்கூட முடியாது. ஆனால், பட்டத்தின் இழுவை முக்கால் பங்குக்கு மேல் கூடியிருக்கும். அதனால்தான் முதலில் கற்றுக்கொடுப்பது ஓடுவதற்கு அல்ல, விடுவதற்கு. தண்டின் அடியில் சிவப்பு நிறத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதைத் தள்ளினால் பட்டம் பலம் இழந்து துணியாகக் கீழே விழும். கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால், இடது கையால் என்று முப்பது தடவை அதைத் தள்ள வைத்தார்கள்.

"அவங்க போடலையே, நான் மட்டும் ஏன்?"

இரண்டாம் நாள் காலையில் தகராறு ஆரம்பித்தது. மகளிடம் ஓர் ஆரஞ்சு நிற ஹெல்மெட்டைக் கொடுத்தார்கள். அவள் கடலைக் கைகாட்டினாள். அங்கே ஐந்தாறு பேர் பறந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரிலிருந்து தென்னை உயரம் எழும்பி, சுற்றி, இறங்கினார்கள். ஒருவர் தலையில் மட்டும்தான் ஹெல்மெட்.

"அவங்கெல்லாம் போடலையே. நான் தரையைத் தொட்டுட்டே இருக்கப்போறேன். எனக்கு மட்டும் எதுக்கு? வேர்க்குது. அதோட கீழ தண்ணிதானே இருக்கு!"

பயிற்சியாளர் கோபப்படவில்லை. மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார்.

"தண்ணி அடிக்காது தங்கச்சி. முதல்ல அடிக்கிறது நம்ம பலகையேதான். காலைவிட்டுக் கழண்டுச்சுன்னா அலை அதை எங்க கொண்டுவரும்னு தெரியாது. ரெண்டாவது, இது முழங்கால் ஆழம். நிக்க நல்லது, தலைகுப்புற விழுந்தா மணல்திட்டு சிமென்ட் மாதிரி. மூணாவது, கரை. அந்தா படகு, நங்கூரம், கம்பம். பட்டத்தை ஏத்தும்போது ஒரு காத்து தட்டினா ஆளை மணல்ல இழுத்துட்டுப் போயிரும். பெரிய அடியெல்லாம் கடல்ல நடக்குறதைவிடக் கரையோரம்தான். நாலாவது, பக்கத்துல கத்துக்கிற இன்னொருத்தர்."

"அப்ப நீங்க ஏன் போடல அண்ணா?"

அவர் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "போடணும். பழகிட்டோம்னு ஒரு திமிரு. பாடம் எடுக்கும்போது போட்டுக்குவேன்." எழுந்து போய், கூடாரத்தில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

அவள் ஹெல்மெட்டில் காதோரம் ஒரு சின்ன ரேடியோ இருந்தது. நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் பயிற்சியாளரின் குரல் காதில் கேட்கும். "பதினொண்ணுக்குக் கொண்டா... மெதுவா... தண்டை விடு, விடு!" என்று அன்று முழுக்கக் கடலோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான் கரையில் உட்கார்ந்து, ஒரு டி.வி.எஸ். 50-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்

1996. காரைக்குடி. அண்ணனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. இரவு ஒன்பது மணிக்கு டியூஷன் முடித்துவிட்டு வந்தவர், எங்கள் தெருமுனைத் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தார். இடது பக்கம் நெற்றிப்பொட்டுக்கு மேலே கல்லில் இடித்தது. ரத்தம்கூட அதிகமில்லை. எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். மூன்று இட்லி சாப்பிட்டார். கொஞ்சம் தலை வலிக்கிறது என்று படுத்தார். காலையில் அம்மா எழுப்பப் போனபோது எழவில்லை.

பின்னால் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். நெற்றிப்பொட்டுக்கு அருகே மண்டையோடு மெல்லியது. அதன் உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டால் அந்தக் குழாய் கிழிந்து, எலும்புக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் மெல்ல மெல்லச் சேரும். முதல் சில மணி நேரம் ஆள் நன்றாகப் பேசுவார், நடப்பார், சிரிப்பார். சேர்ந்த ரத்தம் மூளையை அழுத்த ஆரம்பித்த பிறகுதான் ஆபத்து தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையில் காப்பாற்றிவிடலாம்.

2009 மார்ச்சில் ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சனுக்கு நடந்ததும் இதுவே. கனடாவில், புதிதாகக் கற்பவர்களுக்கான பனிச்சரிவில் ஸ்கீயிங் கற்றுக்கொண்டிருந்தார். ஹெல்மெட் இல்லை. விழுந்தார், எழுந்தார், நன்றாக இருப்பதாகச் சொல்லி மருத்துவ உதவியை மறுத்தார். இரண்டு நாளில் இறந்துபோனார். மலையுச்சியிலிருந்து குதித்தவர் அல்ல அவர். முதல் பாடத்தில் இருந்தவர்.

தலைக்கு ஒரு பாதுகாப்பு வந்த கதை

ஹெல்மெட்டுக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரின் மரணம் இருக்கிறது. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். அந்த லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளில் போகும்போது சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களுக்காக வண்டியை ஒடித்துத் தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர், மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹியூ கெயின்ஸ். அந்த மரணம் அவரை விடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தகவல் கொண்டுபோகும் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் எழுதினார். பிரிட்டனில் அது சட்டமாக 1973 வரை ஆனது.

கிரிக்கெட்டில் இன்னும் தாமதம். 1962-ல் இந்திய அணியின் கேப்டன் நரி கான்ட்ராக்டர் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்தில் மண்டை உடைந்து சாகக் கிடந்தார். வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார். ஆனால், மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. அதற்குப் பிறகும் பதினாறு வருடம் கழித்து, 1978-ல்தான் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப் முதன்முதலாக டெஸ்ட் போட்டியில் ஹெல்மெட் அணிந்து இறங்கினார். பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். 1998-ல் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற நம் ராமன் லம்பா, பந்து தலையில் பட்டு மூன்றாம் நாள் இறந்தார். இன்று ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நிற்பவரைத்தான் விசித்திரமாகப் பார்க்கிறோம்.

சைக்கிள் பந்தயத்திலும் அப்படியே. 2003 மார்ச்சில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் பந்தயத்தில் விழுந்து இறந்த பிறகுதான், அந்த மே மாதம் ஹெல்மெட் கட்டாயமானது. அதுவரை மறுத்தவர்கள் சொன்ன காரணங்கள் என்ன தெரியுமா? வேர்க்கிறது, கனமாக இருக்கிறது, பழகிவிட்டோம். என் மகள் சொன்னதில் புதிதாக எதுவுமில்லை.

நம் ஊரிலும் 2015 ஜூலை 1 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, இரு சக்கர வாகனத்தில் ஹெல்மெட் கெடுபிடி வந்தது நினைவிருக்கும். ஜூன் கடைசியில் கடைகளில் வரிசை. ஆகஸ்டில் ஹெல்மெட்டெல்லாம் பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்திருந்தது.

விரலில் சுற்றிய துணி

அன்று மாலை பாம்பன் பக்கம் கடல்பாசி எடுத்துத் திரும்பும் பெண்களைப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கையால் பறித்து வருகிறவர்கள். ஒரு பெண்ணின் பத்து விரலிலும் கிழிந்த துணி இறுக்கிச் சுற்றியிருந்தது.

"எதுக்குக்கா இது?"

"பாறை கிழிச்சிரும் தம்பி. விரல் போச்சுன்னா ஒரு வாரம் சோறு போச்சு."

"எத்தனை வருஷமா போறீங்க?"

"பன்னெண்டு வயசுல இறங்குனேன். முப்பது வருஷமாச்சு."

"இவ்வளவு பழகின பிறகும் சுத்தணுமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் பழகிருக்கேன். பாறை பழகலையே!"

கூடாரத்துக்குத் திரும்பி வந்து பயிற்சியாளரிடம் சொன்னேன். "எங்க அத்தை முறை வரும் சார் அவங்க" என்றார். மறுநாள் காலையில் அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது, பாடம் ஆரம்பிக்கும் முன்பே.

எந்த விளையாட்டுக்கு எந்த ஹெல்மெட்?

இந்த மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ரிஷிகேஷ் ராஃப்டிங், மலையேற்றம், பாராகிளைடிங் என்று பிள்ளைகள் எங்கே கிளம்பினாலும் உதவும்.

ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் பரப்புகிறது. உள்ளே இருக்கும் நுரைமெத்தை நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. அந்த ஒரு நொடியின் சிறு பங்குதான் மண்டையோட்டைக் காப்பாற்றுகிறது. பைக், சைக்கிள் ஹெல்மெட்டில் இருக்கும் தெர்மாகோல் போன்ற நுரை, ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான். பலமாக ஒரு தடவை விழுந்துவிட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

நீர் விளையாட்டுக்கு பைக் ஹெல்மெட் உதவாது. நீர் புகுந்து கனத்து, கழுத்தை இழுக்கும். நீருக்கானது எடை குறைவு. நீர் குடிக்காத நுரை, நீர் வடிய ஓட்டைகள், காதை மூடும் காப்பு இருக்கும். வேகமாக விழும்போது தண்ணீர் அறைந்தே செவிப்பறை கிழிவதுண்டு. அதற்காகத்தான் அந்தக் காதுக்காப்பு. முன்னால் நீட்டிய விளிம்பு இருக்கக் கூடாது. ஹெல்மெட் மேலே கேமரா பொருத்தினால் பட்டத்தின் கயிறு சிக்கலாம். ஐரோப்பியத் தர எண் இ.என். 1385 நீர் ஹெல்மெட்டுக்கு உரியது. அதைச் சாலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. சாலைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் வேண்டும்.

மாட்டிப்பார்க்கும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நெற்றியின் பாதியை மறைக்க வேண்டும். வாரை மாட்டியபின் தாடைக்கு அடியில் இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது.

ஹெல்மெட் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது முழுமையாக நிறுத்த முடியாது. 2014-ல் ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸ் ஹெல்மெட் அணிந்துதான் ஆடினார். பந்து அதற்குக் கீழே, கழுத்தில் பட்டது. எனவே, காற்றைப் பார்ப்பதும், இடத்தைப் பார்ப்பதும், தன் அளவை அறிவதும்தான் முதல் பாதுகாப்பு. அது மூன்றும் தவறும் நாளுக்காகத்தான் ஹெல்மெட்.

டக்!

மூன்றாம் நாள் மதியம். மகள் முதல் முறையாகப் பலகையில் எழுந்து நின்றுவிட்டாள். முப்பது மீட்டர் இருக்கும். பட்டம் இழுக்க, உப்பு நீர் இருபுறமும் சிதற, நேராக ஒரு கோடு போட்டாள். நான் கரையில் எழுந்து நின்று கத்தினேன்.

அப்போது காற்று ஒரு தட்டுத் தட்டியது. பட்டம் நடுவுக்குச் சரிந்து அவளை முன்னால் பிடுங்கி எறிந்தது. பலகை காலிலிருந்து கழன்றது. அவள் மூழ்கி எழுந்த அதே இடத்துக்கு, அலை பலகையின் முனையைக் கொண்டுவந்தது.

பயிற்சியாளர் கையில் இருந்த ரேடியோவில் எனக்கே கேட்டது. டக்!

அவர் ஒரே சொல்தான் சொன்னார். "சிவப்பு!" அவள் கை தானாகச் சிவப்புப் பிடியைத் தள்ளியது. பட்டம் துணியாக விழுந்தது. அவர் தண்ணீரில் ஓடிப்போய் அவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். ஆரஞ்சு ஹெல்மெட்டின் இடது பக்கத்தில், நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, ஒரு கீற்றுப் பள்ளம்.

மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணுமில்லப்பா! பார்த்தீங்களா, நின்னுட்டேன்! இன்னொரு தடவை போறேன்."

ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை அந்தத் தொனியில் நான் கடைசியாகக் கேட்டு இருபத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. என் கால் மணலில் நிற்கவில்லை.

"இன்னைக்கு முடிஞ்சுது தங்கச்சி" என்றார் பயிற்சியாளர். அவள் எவ்வளவு கெஞ்சியும் அசையவில்லை. தலையில் அடி என்றால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அன்று மறுபடி இறங்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய், எந்த ஊரிலிருந்து வந்தாய் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினோம். பரிசோதித்துவிட்டு, ஹெல்மெட்டையும் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் தெரியல. ஆனா, ராத்திரி ஒருத்தர் பக்கத்துல இருங்க. தூங்கலாம். நடுநடுவே எழுப்பிப் பேசிப் பாருங்க. வாந்தி, தலைவலி கூடிட்டே போறது, பேச்சு குழறல், எழுப்பினா எழாத மாதிரி மயக்கம், கண்மணி ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு... எது தெரிஞ்சாலும் உடனே கிளம்பி வாங்க."

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பேத்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ படு. நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

நடுராத்திரி, இரண்டு மணி, நான்கு மணி. ஒவ்வொரு முறையும் அவர் குரல் கேட்டது. "ஏய் குட்டி, உன் பேரென்ன? உங்க பாட்டி பேரென்ன?" அவள் தூக்கத்தில் எரிச்சலோடு பதில் சொல்வாள். நாலு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எனக்கு இதை யாரும் சொல்லலியேப்பா" என்றார் அம்மா. "மூணு தடவை எழுப்பிப் பார்த்திருப்பேனே."

என்னிடம் பதில் இல்லை.

விடிந்தது. மகள் எழுந்து பசிக்கிறது என்றாள். அம்மா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மூவரும் அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்பினோம். அமாவாசைக் கூட்டத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பா பேரையும் அண்ணன் பேரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டேன். ஆடி மாதத்தில் அந்தக் கரையில் அலை இல்லை. பெண் கடல் குளம் போல இருந்தது.

தெருமுனை

தண்டிலும் பலகையிலும் பாடம் பாதியில் நிற்கிறது. மீதியை வாடைக்காற்றுக் காலத்தில் முடிக்கப் போவதாக மகள் சொல்லிவிட்டாள். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் இன்னும் முழு சம்மதம் வரவில்லை. ஆனாலும் சொந்தமாக ஒரு நீர் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அடிபட்ட ஆரஞ்சு ஹெல்மெட்டை அவர்கள் மறுபடி யாருக்கும் கொடுப்பதில்லையாம். நாங்கள் கேட்டு வாங்கிவந்தோம். மதுரை வீட்டில் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை பால் தீர்ந்துவிட்டது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னால் அம்மா என் பைக் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"தெருமுனைக்குத்தாம்மா போறேன்" என்றேன்.

"உங்க அண்ணனும் தெருமுனையிலதான் விழுந்தான்" என்றார்.

குனிந்தேன். அவரே மாட்டி, வாரைப் பூட்டி, தாடைக்கு அடியில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.